பந்தைத்தான் எடுத்தார்

லாசால்
மொன்றியல், 26 ஓகஸ்ட் 2024

தங்கச்சி யோசெப்பினுக்கு,

நீ என் தொலைபேசி இலக்கத்தை அடைத்து வைத்திருக்கிறாய். வட்ஸ்அப்பிலும் அடைத்து வைத்திருக்கிறாய். எழுபத்துநான்கு வயதில் முத்திரை வாங்கி ஒட்டிக் கடிதம் எழுத வைத்துவிட்டாய். சரி, எழுதுகிறேன். தபால்காரனையும் நீ அடைக்க முடியாதுதானே.

உன் மகள் ஜெனாட்டின் பிறந்தநாள் விருந்தில் நான் சத்தம் போட்டது உண்மை. வந்திருந்தவர்கள் கையில் தட்டோடு திரும்பிப் பார்த்ததும் உண்மை. ஆனால் நீ செய்தது என்ன? கேக் வெட்டுகிற நேரத்தில், நாளைக்கு மழையாம் என்று சொல்வதுபோல, "அண்ணை, நான் ஒக்டோபரில கலியாணம் கட்டப்போறன்" என்றாய். ஆரை என்று கேட்டேன். சிலி நாட்டுக்காரர், பெயர் எரிபெர்த்தோ, எண்பத்தேழு வயது, ஒருகாலத்தில் பெரிய உதைபந்தாட்ட வீரர் என்றாய். எந்த அண்ணன் சத்தம் போடாமல் இருந்திருப்பான்?

உனக்கு அறுபத்தெட்டு. உன் மனுசன் அந்தோனி செத்துப் பதினொரு வருடம். தனிமை இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் நீ அந்தக் கிழவனுக்குப் பெண்சாதியாகப் போகவில்லை, சம்பளமில்லாத நேர்ஸாகப் போகிறாய். உன்னையும் அந்தோனியையும் ஜெனாட்டையும் கனடாவுக்குக் கூப்பிட்டு எடுத்தவன் நான். இங்கே உனக்கு ஐயாவும் நான், அண்ணனும் நான். ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லியிருக்கலாம்.

இன்னொன்று. ஊரில் எங்கள் கோயில் பங்கு அணிக்கு ஒன்பது வருடம் சென்றர் போர்வேர்ட் விளையாடியவன் நான். பந்தடி விஷயத்தில் எனக்கு யாரும் பூச்சுற்ற முடியாது. அந்த ஆளின் முழுப்பெயரை எழுதி அனுப்பு. எத்தனை கோல் அடித்த பெரிய வீரர் என்று நானே பார்க்கிறேன்.

அண்ணன்
மரியதாசன்


செயின்ட்-மிஷேல்
30 ஓகஸ்ட்

அண்ணைக்கு,

முத்திரையைத் தலைகீழாக ஒட்டியிருந்தீர்கள். கோபம் ஆறவில்லை என்று உறையைப் பார்த்ததுமே விளங்கிவிட்டது. இனியும் கடிதமே எழுதுங்கள். தொலைபேசியில் உங்களுக்கு நடுவில் நான் ஒரு சொல் வைக்க முடியாது. கடிதத்தில் நான் முடிக்கும்வரை நீங்கள் சும்மா இருக்கவேண்டும்.

முழுப்பெயர்: எரிபெர்த்தோ கிலோத்ரான். அடித்த கோல்: ஒன்றும் இல்லை. பதினான்கு வருடம் விளையாடி ஒரு கோலும் அடிக்காத மனிதர். அவர் லெப்ட் பக், அண்ணை. உங்களைப் போன்றவர்கள் கோல் அடிக்காமல் பார்த்துக்கொள்வதுதான் அவர் உத்தியோகம்.

எங்கே பிடித்தாய் என்று விருந்தில் கேட்டீர்கள். கோயிலில்தான். எங்கள் தமிழ்ப் பூசை முடிந்தாலும் எங்கள் ஆட்கள் வெளிக்கிட மாட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அடுத்த பூசைக்கு வந்த ஸ்பானிஷ்காரர் வாசலில் நின்று மணிக்கூட்டைப் பார்ப்பார்கள். இவர் மட்டும் நேரே கீழ் மண்டபத்துக்கு இறங்கி வந்து நான் விற்கிற பொரித்த ரோல்ஸ் வாங்குவார். உறைப்போ என்று ஒவ்வொரு ஞாயிறும் கேட்பார், ஓம் என்பேன், கண்ணால் தண்ணீர் வர முழுதையும் சாப்பிடுவார். நாங்கள் கதைப்பது பிரெஞ்சில். இரண்டு பேரும் ஷபனெல் தெருத் தையல் தொழிற்சாலைகளில் பொறுக்கிய பிரெஞ்சு. இலக்கணம் கிடையாது, ஆனால் ஒரு சொல்லும் வீணாவதில்லை.

நேர்ஸ் வேலை பற்றி எழுதினீர்கள். போன மாசியில் எனக்குக் கண் சத்திரசிகிச்சை நடந்ததே, அதற்குப் பிறகு வேளைக்கு வேளை வந்து கண்ணுக்கு மருந்து விட்டது யார் என்று நினைக்கிறீர்கள்? அண்ணி தொலைபேசியில் விசாரித்தா, அதற்கு நன்றி.

செப்டெம்பர் 8, 15, 22 மூன்று ஞாயிறும் கோயிலில் எங்கள் கலியாண அறிவித்தல் வாசிப்பார்கள். "இந்த நாட்டில இப்ப இதெல்லாம் தேவையில்லை அம்மா" என்று பாதர் சொன்னார். வாசிக்கத்தான் வேண்டும் என்று நான் நின்றேன். ஊரில் எப்படி வாசிப்பார்களோ அப்படி, ஆட்சேபனை உள்ளவர்கள் சொல்லலாம் என்ற வசனத்தோடு. ஒளித்துக் கட்ட நான் என்ன களவா எடுத்தேன்?

யோசெப்பின்


லாசால்
9 செப்டெம்பர்

யோசெப்பின்,

நேற்று முதல் வாசிப்பு. கடைசி வாங்கில் இருந்தேன், நீ பார்க்கவில்லை. பாதர் உன் பெயரையும் அந்த நீளப் பெயரையும் வாசித்தபோது எனக்கு முன்னால் இருந்த மனுசி தன் புருசனின் விலாவில் இடித்தா. கோயில் வாசலில் எங்கள் ஊர்ச் சிவராசா என் கையைப் பிடித்து, "என்ன மரியதாசு, மச்சான் வரப்போறாராம்" என்றான். சைவக்காரன், பூசைக்கு வராதவன், இதைக் கேட்பதற்கென்றே வந்திருக்கிறான். எனக்கு நிலம் பிளந்தால் போதும் என்று இருந்தது.

நான் சும்மா இருக்கவில்லை. கொம்பியூட்டரில் தேடினேன். ஸ்பானிஷ் பத்திரிகைகளை அதுவே இங்கிலிஷ் ஆக்கித் தருகிறது. உன் ஆள் பெரிய ஆள்தான், அதை ஒப்புக்கொள்கிறேன். 1962 மார்ச் மாதம், உலகக் கிண்ணம் அவர்களின் நாட்டிலேயே நடக்க இரண்டு மாதம் இருக்கையில், ஒரு பயிற்சி ஆட்டத்தில் நாட்டின் முதல்தர முன்வரிசை வீரரின் காலை முறித்திருக்கிறான். படம் இருக்கிறது. அந்த வீரர் சேற்றில் கிடக்கிறார், உன் ஆள் பக்கத்தில் நிற்கிறான். மேலே கொட்டை எழுத்தில் "கசாப்புக்காரன்" என்று போட்டிருக்கிறார்கள். காலை முறித்துக்கொண்டவர் அதற்குப் பிறகு விளையாடவேயில்லை. உன் ஆளை உலகக் கிண்ண அணியில் இருந்து தூக்கி எறிந்தார்களாம். நல்ல வேலை செய்தார்கள்.

என் கணுக்காலைப் பார்த்திருக்கிறாய். அதில் இருக்கிற ஒவ்வொரு தழும்பும் அவனைப்போல ஒரு பின்வரிசைக்காரன் தந்தது. கோல் அடிக்கத் தெரியாதவன் கால் அடிப்பான். இதை உன்னிடம் சொன்னானா? அல்லது ரோல்ஸ் சாப்பிட்டுக் கண்ணீர் விட்டதோடு சரியா?

மரியதாசன்


செயின்ட்-மிஷேல்
12 செப்டெம்பர்

அண்ணைக்கு,

சொன்னார். சேர்ந்து தேத்தண்ணி குடித்த முதல் நாளே சொன்னார். "நான் ஒரு மனிசன்ர காலை முறிச்சனான். பேப்பரில கசாப்புக்காரன் எண்டு போட்டவங்கள். அதைத் தெரிஞ்சுகொண்டு என்னோட கதையுங்கோ" என்றார். என் அந்தோனி நல்ல மனுசன், ஆனால் சீட்டு விளையாட்டில் தோற்றதைக்கூட அவர் எனக்கு மறைத்தவர்.

நீங்கள் படத்தைப் பார்த்தீர்கள். நான் கதையைக் கேட்டேன். கேளுங்கள்.

கடலுக்கு அடியில் நிலக்கரி வெட்டுகிற ஊர் அவருடையது. தகப்பனும் தமையன்மாரும் சுரங்கத்துக்குள். இவர் கரி கலந்த கறுப்பு மணலில் வெறுங்காலோடு பந்தடித்துப் பழகியவர். பத்தொன்பது வயதில் தலைநகரத்துக் கழகம் ஒன்று கூட்டிக்கொண்டு போனது. அவர் விளையாட்டை எனக்கு எங்கள் சமையலறையிலேயே காட்டியிருக்கிறார், நான்தான் முன்வரிசை, கையில் அகப்பை. வருகிறவனின் முகத்தைப் பார்க்கமாட்டார். முகத்தில் நடிப்பு இருக்குமாம். காலைத்தான் பார்ப்பார். பக்கவாட்டாக நிற்பார். ஒரு பக்கத்தை வேண்டுமென்றே திறந்து விடுவார். வருகிறவன் அதை வாசல் என்று நம்பிப் போவான், அங்கே இவர் கால் இருக்கும்.

அந்த நாள் மழை. உங்கள் நட்சத்திரம் திறந்த பக்கத்தால் வந்தார். இவர் சறுக்கிப் போய்ப் பந்தை எடுத்தார். பந்து கோட்டுக்கு வெளியே போனபிறகுதான் அந்த மனிதரின் சப்பாத்து சேற்றில் பதிந்து, உடம்பு திரும்பியது, கால் திரும்பவில்லை. மத்தியஸ்தர் பிழை என்று ஊதவில்லை, அண்ணை. பந்து வெளியே போனதற்குக் கையெறிதான் கொடுத்தார். அதைப் பத்திரிகை எழுதவில்லை, தேடிப்பாருங்கள்.

அடுத்த கிழமை கழகத்துக்காரர் ஒரு கடதாசி கொண்டுவந்தார்கள். வேண்டுமென்று செய்தேன், நாட்டு மக்கள் மன்னிக்கவேண்டும் என்று அதில் இருந்தது. கையெழுத்து வைத்தால் சின்னத் தடை, பிறகு உலகக் கிண்ணம். இவர் ஆஸ்பத்திரிக்குத் தோடம்பழம் வாங்கிக்கொண்டு போய் அந்த மனிதரின் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து அழுதவர். ஆனால் கையெழுத்து வைக்கவில்லை. "அவற்ற காலுக்காக அழுவன். செய்யாத பிழைக்கு மன்னிப்புக் கேட்கமாட்டன்" என்றாராம். அந்த உலகக் கிண்ணத்தில் சிலி மூன்றாம் இடம் எடுத்தது. இவர் வீட்டில் வானொலி கேட்டுத் தனியாகக் கைதட்டினார்.

அதற்குப் பிறகு எட்டு வருடம் சின்னச் சின்னக் கழகங்கள். எந்த ஊருக்குப் போனாலும் காலில் பந்து பட்டவுடன் சனம் கூக்காட்டும். ஒரு ஆட்டமும் தவறவிடவில்லை. பிறகு எழுபத்துமூன்றில் இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. தொழிற்சங்கத்தில் இருந்தபடியால் இவரையும் பிடித்து ஒரு மைதானத்தில் அடைத்தார்கள். தான் விளையாட உடுப்பு மாற்றிய அதே அறையில் சுவரோடு சாய்ந்து இருந்திருக்கிறார். அடுத்த தை மாதம் ஒரு மெல்லிய கோட்டோடு மொன்றியலில் வந்து இறங்கினார். இந்த இடத்தில் உங்களுக்கு நான் விளக்கம் சொல்லத் தேவையில்லை. நீங்களும் அப்படி வந்தவர்தான்.

கால் முறிந்த மனிதர் பிறகு பேர்பெற்ற பயிற்றுநர் ஆனார். எத்தனையோ பேட்டி கொடுத்தார். "அவன் பந்தைத்தான் எடுத்தான்" என்ற ஒரு வசனத்தை மட்டும் எதிலும் சொல்லவில்லை. போன வருடம் செத்துவிட்டார். செய்தி வந்த அன்று இவர் கோப்பையைக் கழுவிக்கொண்டே, "இனி ஒருத்தரும் சொல்லப்போறதில்லை" என்றார். வேறு எதற்கும் அவர் முறைப்பட்டு நான் கேட்டதில்லை. அன்றுதான், கலியாணம் கட்டுவோமா என்று நான் கேட்டேன். ஓம் அண்ணை, கேட்டது நான்தான், அவர் இல்லை.

யோசெப்பின்


லாசால்
16 செப்டெம்பர்

யோசெப்பின்,

நல்லாய்க் கதை எழுதுகிறாய். தோடம்பழம் கொடுத்தால் கால் பொருந்துமோ?

கேட்டது நீ என்பதை வாசித்தபிறகு அண்ணி எனக்கு இரண்டு தரம் பிரஷர் பார்த்தா.

இரண்டாவது அறிவித்தலும் முடிந்தது. நேற்று அந்த ஆள் உனக்குப் பக்கத்தில், நடைபாதைக் கரையில், எங்கள் வாங்கிலேயே இருக்கிறான். தமிழ்ப் பாட்டுக்கு வாய் வேறு அசைக்கிறான். நீ வாசிக்கச் சொன்ன வசனம் எனக்கும் கேட்டது. ஆட்சேபனை உள்ளவர்கள் சொல்லலாம். வருகிற ஞாயிறு நான் எழும்புவேன். எழும்பி நடுவால் நடந்து முன்னுக்குப் போய் மைக்கில் சொல்லுவேன். மரியதாசன் சொன்னால் செய்வான் என்று உனக்குத் தெரியும். அதற்கு முன் நீயாக நிறுத்தினால் எல்லாருக்கும் மரியாதை.

மரியதாசன்


செயின்ட்-மிஷேல்
19 செப்டெம்பர்

அண்ணைக்கு,

எழும்புங்கள்.

ஆனால் முழங்கால் நோவோடு கடைசி வாங்கில் இருந்து நடந்துவரக் கஷ்டப்படுவீர்கள். முன்னுக்கு வந்து இருங்கள், இடம் பிடித்து வைக்கிறேன்.

உங்களுக்கு நான் பயம் என்று இன்னும் நினைக்கிறீர்களா? ஐயா செத்தபிறகு எந்தப் பள்ளிக்கூடம், எந்த மாப்பிள்ளை, எந்த நாடு, எந்தத் தொடர்மாடி என்று எல்லாம் நீங்கள் சொன்னீர்கள், நான் தலையாட்டினேன். அதில் பாதி சரியாகத்தான் இருந்தது, நன்றி கெட்டவள் இல்லை நான். ஆனால் இது என் வாழ்க்கையில் நானாகக் கேட்டு வாங்குகிற முதல் சாமான். கோயில் சிரிக்கட்டும். மொன்றியல் முழுக்கச் சிரிக்கட்டும். மிச்சம் எனக்கு ஐந்து வருடமோ அவருக்கு ஒரு வருடமோ, அதை நான் கதவு சாத்திக்கொண்டு தொலைக்காட்சி பார்த்துக் கழிக்கமாட்டேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். நான் சின்னப் பெட்டையாக ஒவ்வொரு ஞாயிறும் கோட்டோரத்தில் உங்கள் செருப்பைக் காவல் காத்தவள். உங்கள் வலது காலில் பட்டால் இடது காலைப் பிடித்துக்கொண்டு உருளுவீர்கள். மத்தியஸ்தர் திரும்பிப் பார்த்ததும் கால் மாறும். சனம் தடுத்தவனை அடிக்க ஓடும். ஒன்பது வருடத்தில் ஒருவனைப் பார்த்தாவது, நீ பந்தைத்தான் எடுத்தாய் என்று சொன்னீர்களா? ஒரே ஒரு தரம்?

யோசெப்பின்


செயின்ட்-மிஷேல்
23 செப்டெம்பர்

அண்ணைக்கு,

ஆஸ்பத்திரிக்கு நான் வரவில்லை. வந்திருந்தால் அங்கேயே உங்களோடு சண்டை பிடித்திருப்பேன்.

பாதர் அந்த வசனத்தை வாசித்து முடிக்கவில்லை, நீங்கள் எழும்பிவிட்டீர்கள். இருநூறு சனமும் திரும்பிப் பார்த்தது. நீங்கள் நடுவால் வர வர நான் தலையைக் குனியவில்லை, அதைப் பார்த்திருப்பீர்கள். பாதர் பயந்துபோய், சத்தம் போடாமல் மைக்கில் சொல்லட்டும் என்று அதை உங்கள் பக்கம் நீட்டினார். நீங்கள் கையை நீட்டினீர்கள். அப்போதுதான் பக்கத்தில் பார்க்கிறேன், இவர் இல்லை. பொல்லு மட்டும் வாங்கில் சாய்ந்து நிற்கிறது.

எண்பத்தேழு வயதில் அந்த மனிதர் எப்படி எழும்பினார் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. மைக் அவர் கையில். நீங்கள் நிலத்தில். ஜெனாட் "மாமா!" என்று கத்தினாள். முன் வாங்கில் யாரோ கைதட்டினார்கள், அது யார் என்று எனக்குத் தெரியும், சொல்லமாட்டேன்.

உங்கள் முழங்காலில் சவ்வு கிழிந்துபோனது என்று அண்ணி சொன்னா. மனம் கேட்கவில்லை. இவரிடம், அண்ணையிடம் ஒரு மன்னிப்புக் கேளுங்கள், பிரச்சினை முடியட்டும் என்றேன். "நோன்" என்றார். எவ்வளவோ கெஞ்சினேன். நோன். ஆஸ்பத்திரிக்குத் தோடம்பழம் கொண்டு போகிறேன், மன்னிப்புக் கேட்கமாட்டேன் என்கிறார். அறுபத்திரண்டில் சொன்ன அதே பதில். எனக்கு ஒரே நேரத்தில் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது.

கலியாணம் ஐந்தாம் திகதி நடக்கும். உங்கள் காலால் அது நிற்காது. என்னைக் கைபிடித்துப் பீடம்வரை கூட்டிக்கொண்டு போய்விட ஆள் இல்லாவிட்டால் நான் தனியாக நடந்து போவேன், வழி எனக்குத் தெரியும்.

ஆனால் நேற்றுத் தொடக்கம் ஒரு கேள்வி நித்திரை கொள்ள விடுகுதில்லை. அந்த மைக்கில் நீங்கள் என்ன சொல்லப் போனீர்கள்?

யோசெப்பின்


லாசால்
26 செப்டெம்பர்

அன்புத் தங்கச்சி,

தோடம்பழம் வந்தது. அவர் கொண்டுவந்தார், தனியாக, மெற்றோவில் மூன்று தரம் வழி மாறி, பொல்லோடு. ஆஸ்பத்திரியில் நான் இல்லை என்றதும் நேரே வீட்டுக்கு. அண்ணி கதவைத் திறந்துவிட்டு என்ன சொல்வது என்று தெரியாமல் "பொன்ஜூர்" என்றாவாம். எனக்குப் பிரெஞ்சு பத்துச் சொல், அவருக்குத் தமிழ் இரண்டு சொல், அதில் ஒன்று ரோல்ஸ். அரை மணித்தியாலம் தோடம்பழம் உரித்துத் தின்றோம். மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவரை நான் வெளியே அனுப்பியிருப்பேன்.

உன் கேள்விக்கு வருகிறேன். நீ செருப்புக் காவல் காத்ததை எழுதிய கடிதம் வெள்ளிக்கிழமை பின்னேரம் எனக்குக் கிடைத்தது. நித்திரை இல்லாமல் கிடந்து யோசித்துப் பார்த்தேன். ஒரு தரமும் இல்லை. அதனால் மைக்கில் சொல்லப் போனது இதுதான்: "எனக்கு ஆட்சேபனை இல்லை. என்ர தங்கச்சியைக் கைபிடிச்சுக் கூட்டிக்கொண்டு வாறது நான்தான். வேற ஆரும் வரக்கூடாது." அவ்வளவுதான். உனக்கு முதலே எழுதியிருக்கலாம். ஆனால் எழும்புவேன் என்று சொல்லிவிட்டேன். சொன்னபிறகு எழும்பாமல் இருக்க முடியுமா? அதோடு, சனம் பார்க்காமல் நான் எப்போது கோல் அடித்தேன்?

அவருக்கு அது தெரியாது. அவர் கண்டது, தன் மனுசியைக் கேவலப்படுத்த ஒருவன் வருகிறான் என்பதைத்தான். அவர் என் முகத்தைப் பார்த்திருந்தால் விளங்கியிருக்கும், நான் சிரித்துக்கொண்டுதான் வந்தேன். அவர் பார்த்தது என் காலை. பக்கவாட்டாக நின்றார். இடது பக்கத்தில் இடம் இருந்தது. நீ எழுதியிருந்தாய், எனக்கு நல்லாய்த் தெரியும், அது வாசல் இல்லை என்று. தெரிந்துகொண்டே போனேன். முன்வரிசைக்காரனுக்கு இடம் கண்டால் கால் சொல்லுக் கேட்காது.

எங்கள் ஆட்கள் தொலைபேசி எடுத்து, "கிழவன் உங்களைத் தள்ளிவிட்டதாமே, பொலிசுக்குச் சொல்லுங்கோ" என்கிறார்கள். எல்லாருக்கும் ஒரே பதில்தான் சொன்னேன். உனக்கும் எழுதுகிறேன், இதைப் பத்திரப்படுத்து. அவருடைய கை என் மேல் படவில்லை. கால் படவில்லை. மைக் அவர் கைக்குப் போய்ச் சேர்ந்தபிறகுதான் நான் விழுந்தேன். பொலிஷ் போட்ட நிலம், புதுச் சப்பாத்து, பழைய முழங்கால். இந்தத் தரம் நான் பிடித்துக்கொண்டதும் நோகிற கால்தான்.

ஐந்தாம் திகதி சக்கர நாற்காலியில் வருவேன். உன்னைக் கூட்டிக்கொண்டு போகிறவன் நான், தள்ளுகிறவள் நீ. சேலையை ஏற்றிச் செருகிக்கொள். சிவராசாவை முன் வாங்கில் இருக்கச் சொல்லியிருக்கிறேன், நல்லாய்ப் பார்க்கட்டும்.

கீழே எழுதுவதை அவருக்கு உங்கள் தொழிற்சாலைப் பிரெஞ்சில் வாசித்துக் காட்டு. ஆறுதலாக வாசி. அவர் கையில் கோப்பை ஏதும் இருந்தால் முதலில் அதை வாங்கி வை.

ஐயா எரிபெர்த்தோ, நான் மரியதாசன், சென்றர் போர்வேர்ட். நீங்கள் பந்தைத்தான் எடுத்தீர்கள்.